அம்மா... கால் வலிக்குது!

கடிகாரம் செய்கிற ஊரில் கடிகாரம் பார்த்து மணி சொல்கிறவர்கள் குறைவு. ஓசூரைத்தான் சொல்கிறேன். முதல் கம்பெனி பஸ் போனால் மணி ஐந்து. நீலச் சட்டைக்காரர்கள் டீக்கடையில் வடையைக் கடித்தால் ஐந்தேகால். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாக ஓர் இளைஞர் தலைதெறிக்க ஓடினால், ஐந்தரை பஸ்ஸை அவர் விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் விடியற்காலையில் போர்வை தேடும் ஊர். ரோஜாப்பூ விளையும் ஊர். பெங்களூருக்கு நாற்பதே கிலோமீட்டர். எல்லையில் நின்று ஒரு கல்லை வீசினால் கர்நாடகத்தில் போய் விழும். (வீசாதீர்கள். தண்ணீர் விஷயத்தில் ஏற்கெனவே நிறைய வீசியாகிவிட்டது.)

1971-ல் 'சிப்காட்' என்ற அரசு நிறுவனம் பிறந்தது. அதன் தொழிற்பேட்டை ஓசூருக்கு வந்தது. அதன் பின்னாலேயே லேலண்ட் லாரி, டி.வி.எஸ். வண்டி, டைட்டன் வாட்ச் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. இன்றைக்குத் திருநெல்வேலிப் பையனும் தஞ்சாவூர்ப் பெண்ணும் ஒரிஸ்ஸாத் தம்பியும் ஒரே டீக்கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

மூன்று ஷிஃப்ட் ஊர். ஆனால் நாலாவதாக ஒரு ஷிஃப்ட்டும் உண்டு. அதற்கு அட்டெண்டன்ஸ் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பிக்கும். சைரன் இப்படி ஊதும்:

''அம்மா... கால் வலிக்குது!''

போன மாதம் ஆபீஸ் வேலையாக மூன்று நாள் ஓசூரில் இருந்தேன். லாட்ஜ் பில்லைக் கொடுத்தால் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷனுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். அதனால் கல்லூரி நண்பன் வீட்டில் தங்கினேன். அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட். பத்தே முக்காலுக்கு வந்து, சாப்பிட்டு, அப்போதுதான் தலையைச் சாய்த்தான். உள்ளறையிலிருந்து சைரன்! அவனுடைய ஆறு வயது மகள்.

''ரெண்டு காலும் கடுக்குதும்மா...'' என்று பாப்பா முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அழுகிறாள். லைன் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' சொல்வார்கள். இரண்டே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

முதலில் வந்தவர் கீழ் வீட்டுத் தெலுங்குப் பாட்டி. எல்லோருக்கும் அவர் 'அவ்வா'. ''ஏமி பிட்டா, காள்ளு நொப்பியா?'' என்றபடி கையில் இரும்புக் கரண்டி. கரண்டியில் நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல், ஒரு சிட்டிகை ஓமம். அடுத்தது எதிர் வீட்டுக் கன்னடக்கார அக்கா. ''ஏனு புட்டி, காலு நோவா?'' கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிய மூட்டை ஒன்று அவர் கையில். மூன்றாவதாக மாடியறை பேச்சிலர் தம்பி. அவர் கையில் செல்போன்.

''அண்ணே, வாதநாராயணன் இலையை வேக வெச்சு அந்தத் தண்ணியில கழுவணுமாம். வீடியோ போட்டிருக்கான்.''

''ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாதநாராயணன் மரத்துக்கு எங்கப்பா போறது?'' என்றாள் நண்பனின் மனைவி.

தம்பி செல்போனைப் பார்த்தார். ''அதை அவன் சொல்லலையே அக்கா!''

அவ்வா எண்ணெயைத் தன் உள்ளங்கையில் விட்டுச் சூடு பார்த்தார். பிறகு கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, கெண்டைக்கால் சதையை மெள்ள மெள்ள நீவினார். பலமாக அமுக்கவில்லை. நடுநடுவே ஏதோ ராஜா கதை, தெலுங்கில். பாப்பாவுக்குத் தெலுங்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் கேட்டாள். எதிர் வீட்டு அக்கா உப்பு மூட்டையை முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் தொடையில் ஒற்றி ஒற்றி எடுத்தார். இருபது நிமிடம். பாப்பா தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்து பார்க்கிறேன். வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். ஒற்றைக் காலில்! 'ராத்திரி ஊரைக் கூட்டியது இந்தக் கால்தானா?' என்று சந்தேகமே வந்துவிட்டது.

''வாரத்துக்கு ரெண்டு தடவை இதே கதைதான் அண்ணா. இன்னிக்கு டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்'' என்றாள் நண்பனின் மனைவி.

குழந்தைகள் டாக்டர் அம்மா பாப்பாவை நடக்கச் சொன்னார். குதிக்கச் சொன்னார். முட்டி, கணுக்கால், இடுப்பு எல்லாவற்றையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

''இதுக்கு 'வளர்ச்சி வலி'ன்னு பேர். 1823-லயே பிரான்ஸ்ல டூஷான்னு ஒரு டாக்டர் எழுதி வெச்சிருக்கார். ஆனா, பேர்தான் அப்படி. குழந்தை வளர்றதுனாலதான் வலிக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கலை. பகலெல்லாம் ஓடி ஆடுற காலோட சதை அலுப்புன்னு சிலர் சொல்றாங்க. வைட்டமின் டி குறைச்சல்னு சிலர் சொல்றாங்க. தென் ஆஸ்திரேலியாவுல 2004-ல வந்த ஒரு ஆராய்ச்சியில, நாலுலேர்ந்து ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு முப்பத்தேழு பேருக்கு இந்த வலி இருந்திருக்கு. உங்க பொண்ணு தனியா இல்லை!''

அடையாளமும் சொன்னார். மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் வரும். இரண்டு காலிலும் இருக்கும். தொடை, கெண்டைக்கால், முட்டிக்குப் பின்புறம் என்று சதையில் வலிக்குமே தவிர மூட்டில் வலிக்காது. சாயங்காலமோ ராத்திரியோ வரும், காலையில் மாயமாகிவிடும். தொட்டால் குழந்தை காலை இழுத்துக்கொள்ளாது. 'இன்னும் பிடிச்சு விடும்மா' என்று காலை நீட்டும்.

''எண்ணெய் தேய்க்கிறது, உப்பு ஒத்தடம் எல்லாம் செய்யலாமா டாக்டர்?''

''தாராளமா. தேய்க்கிற கை முக்கியம். எந்த எண்ணெய்ங்கறது ரெண்டாம் பட்சம். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ, இளஞ்சூடா இருந்தாப் போதும். ஒத்தடத்தை உங்க கையில வெச்சுப் பார்க்காம குழந்தை மேல வைக்காதீங்க. எண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. அது வயித்துக்குள்ள போனா சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரும். படுக்கிறதுக்கு முன்னாடி காலை நீட்டி, பாதத்தை முட்டிப் பக்கமா மெள்ள மடக்கி, கொஞ்ச நேரம் பிடிச்சு விடுங்க. கனடாவுல 1988-லயே இப்படி அம்மா அப்பாவை விட்டுக் காலை நீட்டி மடக்கிப் பார்த்ததுல, அந்தக் குழந்தைங்களுக்கு வலி சீக்கிரம் விட்டிருக்கு. ரொம்ப அழுதா எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கூடவே கூடாது.''

அப்புறம் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார். ஒரே காலில் வலி, காலையிலும் விடாத வலி, மூட்டில் வீக்கம், நொண்டல், காய்ச்சல், எடை குறைவது, ஓடிய குழந்தை ஓடாமல் உட்கார்ந்துவிடுவது... இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் வர வேண்டும்.

எழுந்திருக்கப் போனோம். ''இருங்க'' என்றார். ''பாப்பா, 'ஈ' காட்டு.''

பாப்பா 'ஈ' காட்டினாள். முன்னால் இரண்டு பல் காலி. ஒரு புதுப் பல் பாதி முளைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

''வீட்டுல என்ன தண்ணி குடிக்கறீங்க?''

கால் வலி என்று வந்தால் பல்லைப் பார்க்கிறார், தண்ணியைக் கேட்கிறார். எனக்குப் புரியவில்லை. நண்பனுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

சிரிக்காத மன்னன்!

எங்கள் ஹாஸ்டலில் அவனுக்கு இதுதான் பட்டப்பெயர். குரூப் போட்டோவில் எல்லோரும் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு நிற்க, இவன் மட்டும் உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பான். அவன் பல்லில் பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடு. வேலைக்கு இண்டர்வியூ போன ஒரு இடத்தில், ''பான்பராக் பழக்கம் உண்டா?'' என்று கேட்டார்களாம். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களில் 'மாப்பிள்ளை பீடி குடிப்பார் போலிருக்கே' என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பாக்குக்கூடப் போடாதவன்!

''எங்க கிராமத்துல எல்லாருக்குமே இப்படித்தாண்டா. தண்ணிதான் காரணம்'' என்றான் வெளியே வந்ததும். ''பாப்பா லீவுக்கு அங்கதான் போறா. அதான் டாக்டர் கேட்டதும் பக்குன்னுச்சு. நாளைக்கு எனக்கு வீக் ஆஃப். வர்றியா, ஊருக்குப் போய்ட்டு வரலாம்?''

மறுநாள் காலை, பைக்கில் கிளம்பினோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சூளகிரி தாண்டினால் ரோடு இறங்க ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் பாறை. யானை படுத்த மாதிரி, ஆமை கவிழ்ந்த மாதிரி, தலை மேல் தலை வைத்த மாதிரி விதவிதமான பாறை. நடுவில் மாந்தோப்பு. புளியமரங்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மலை மேல் கோட்டை தெரிகிறது. ஓசூரில் போட்ட ஸ்வெட்டரை இங்கே கழற்றி வண்டியில் கட்டினோம்.

பார்க்க அழகாக இருக்கும் அந்தப் பாறைகளிடம்தான் சங்கதி இருக்கிறது. கிரானைட் வகைப் பாறைக்குள் ஃப்ளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் வருஷக்கணக்காகத் தேங்கி நிற்கும்போது அது மெள்ள மெள்ளத் தண்ணீரில் கரைகிறது. மழை குறைந்து, திறந்த கிணறுகள் வற்றி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இருநூறு அடியில் இல்லையா? நானூறு. அதிலும் இல்லையா? எண்ணூறு. ஆழம் போகப் போகத் தண்ணி கிடைத்தது. பல இடங்களில் ஃப்ளோரைடும் சேர்ந்தே கிடைத்தது.

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம்; வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். இது இந்தியத் தர நிர்ணயம். அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லதுதான். டூத்பேஸ்ட் விளம்பரத்தில் ஹீரோவாக வருகிறவர், கிணற்றில் அளவு மீறினால் வில்லன். ஃப்ளோரைடுக்குக் கால்சியம் என்றால் உயிர். உடம்பில் கால்சியம் எங்கே இருக்கிறது? பல்லிலும் எலும்பிலும். அங்கே போய்க் குடியேறிவிடும். குழந்தைக்கு எட்டு வயதுக்குள் ஈறுக்குள் பல் உருவாகும்போது குடியேறினால், முளைக்கிற நிரந்தரப் பல்லில் சுண்ணாம்புத் திட்டு, மஞ்சள், பழுப்பு என்று கறை வரும். தேய்த்தால் போகாது. அதனால்தான் டாக்டர் அம்மா 'ஈ' காட்டச் சொன்னார். பல், கிணற்றின் லேப் ரிப்போர்ட்!

நண்பனின் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. என்னைப் பார்த்ததும், ''வாங்க தம்பி'' என்று எழுந்தார். எழுந்தார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். தூணைப் பிடித்து, இடுப்பை நகர்த்தி, முழு உடம்பையும் ஒரே பலகையாகத் திருப்பி எழுந்தார். கூப்பிட்டால் கழுத்து திரும்பாது; ஆளே திரும்ப வேண்டும்.

ஹெல்த் கேம்ப்பில் மூன்றே மூன்று சோதனை வைத்தார்களாம். முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடு. தாடையை நெஞ்சில் வை. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்.

''மூணுலயும் ஃபெயிலு!'' என்று சிரித்தார் பெரியவர். ''ஸ்கூல்லகூட நான் ரெண்டுலதான் ஃபெயிலு.''

ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

''முதல்ல கால் கடுப்புதான் தம்பி. ராத்திரியில கடுக்கும். உழைக்கிற உடம்பு, அலுப்புன்னு விட்டுட்டேன். முப்பது வருஷமா இவ எண்ணெய் தேய்ச்சு விடறா. எங்க ஊர்ல ஆமணக்குக்கா பஞ்சம்? எண்ணெய் தோலுக்கு வெளியவே நின்னுக்கிச்சு. தண்ணி எலும்புக்குள்ள போயிடுச்சு.''

உள்ளேயிருந்து நண்பனின் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். எதுவும் பேசவில்லை.

இது இந்த ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டதே பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-ல், அன்றைய நெல்லூர் மாவட்டத்தில். முதலில் காட்டிக்கொடுத்தவை உழவு மாடுகள் என்று சொல்வார்கள். மூட்டு விறைத்து மாடுகள் நடக்க முடியாமல் நின்றன. மாட்டை மாற்றினாலும் ஒரு வருஷத்தில் அதே நிலை. பிறகுதான் மனிதர்களையும் தண்ணீரையும் பார்த்தார்கள். 1973-ல் ஆந்திராவின் நல்கொண்டாப் பக்கம், வளரும் வயதுப் பிள்ளைகளின் கால் முட்டியில் இடித்துக்கொண்டு வளைவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். ஆகவே, ஃப்ளோரைடு ஊரில் குழந்தை 'கால் வலிக்குது' என்றால், அது பெரும்பாலும் டாக்டர் அம்மா சொன்ன சாதாரண வலியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது: குடம் எந்தக் குழாயில் நிறைகிறது?

''கொதிக்க வெச்சுக் குடிச்சாப் போயிடாதா?'' என்று கேட்டேன்.

''கிருமி போகும். இது போகாது. தண்ணி சுண்டினா இன்னும் கொஞ்சம் கெட்டியாத்தான் ஆகும்'' என்றான் நண்பன். இந்த விஷயத்தில் அவன் எம்.ஏ. பி.எச்டி.! ஆர்.ஓ. மெஷின் ஃப்ளோரைடைப் பெரும்பாலும் எடுத்துவிடும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் ஒரு முறைக்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர். நாக்பூரின் 'நீரி' நிறுவனம் கண்டுபிடித்தது. அளவு தெரிந்து செய்ய வேண்டிய வேலை அது. நாமாக ஒரு கை அள்ளிப் போடுகிற சமாச்சாரம் இல்லை. சந்தேகம் என்றால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய லேபில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கண்ணாடி பாட்டில் கூடாது. ஃப்ளோரைடு கண்ணாடியோடும் உறவு கொண்டாடும்.

மத்தியானம் களி. கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, அப்புறம் புளி ரசம். இலையில் களியைப் பார்த்ததும் பாப்பா ஞாபகம் வந்தது. ஓசூரில் அவள் டிபன் பாக்ஸில் நூடுல்ஸ்! நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே நூறு கிராம் அரிசியில் பத்து, பதினைந்துதான். கால்சியம் குறைந்த உடம்பில் ஃப்ளோரைடு இன்னும் கோரமாக ஆடும் என்கிறார்கள். ராகி, பால், கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் குழந்தைக்குக் கவசம். கன்னடக்கார அக்கா வீட்டில் 'முத்தே', நம் வீட்டில் 'களி'. உருண்டை ஒன்றுதான்.

ரசத்திலும் ஒரு ரகசியம். அதே ஹைதராபாத் நிறுவனத்தில் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் ஃப்ளோரைடு அதிகமாக வெளியேறியது என்று 2002-ல் எழுதினார்கள். புளியமரம் நிறைந்த பூமிக்குப் புளியே துணை! இதை நான் சொன்னதும் பெரியவர், ''அப்ப ரசத்தை இன்னொரு கரண்டி ஊத்து'' என்றார். ஆனால், புளி உதவிக்கு வரும் ஆள். தண்ணியை மாற்றுவதற்குப் பதிலாக வராது. வலி மட்டும் இருக்கிற ஆரம்ப நிலையில் நல்ல தண்ணியும் நல்ல சாப்பாடும் கொடுத்தால் வலி குறையும். எலும்பு விறைத்தபின் எந்த எண்ணெயும் அதைப் பழையபடி வளைக்காது.

கிளம்பும்போது வாசலில் ஒரு குழாயைக் காட்டினார் நண்பனின் அம்மா. அதுவரை பேசாதவர், இப்போது பேசினார்.

''இது ஒகேனக்கல் தண்ணி தம்பி. இது வர்ற அன்னிக்கு இதைத்தான் குடிக்கறோம். வராத அன்னிக்கு போர் தண்ணி. பாப்பா லீவுக்கு வந்தா மட்டும், இந்தத் தண்ணியைத் தனிக் குடத்துல பிடிச்சு மூடி வெச்சிடுவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்.''

அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். பித்தளைக் குடம். மேலே தட்டு. தட்டின் மேல் ஒரு கல். பேங்க் லாக்கர் கெட்டது!

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பல் தெரிய.

எனக்கு மறுநாள் தர்மபுரியில் வேலை. மத்தியானமே முடிந்துவிட்டது. அந்தக் குடத்துத் தண்ணி புறப்படுகிற இடத்தைப் பார்த்துவிடலாமே என்று பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினேன்.

'ஹொகெ' என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல், ஒகேனக்கல். அருவி விழுந்து சிதறுவது தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரியே இருக்கிறது. ஆற்றுக்கு இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். பரிசல், வறுத்த மீன் வாசனை, ஈரத் துண்டு, குழந்தைகளின் கூச்சல்.

இங்கிருந்துதான் காவிரித் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருக்கிறது: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம். 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. எல்லையில் பரபரப்பு. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் வேலை நடந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அடிக்கல் ஒருவர், திறப்பு ஒருவர். நம் ஊரில் இரண்டு பேரும் சேர்ந்து முடித்த காரியம் என்று சொல்ல இப்படிச் சில இருக்கின்றன.

எல்லையில் தண்ணீருக்காகக் கொடி பிடித்தது நினைவுக்கு வந்தது. கூடவே ஓசூர் லைன் வீட்டில் நடுராத்திரி உப்பு மூட்டையோடு ஓடிவந்த கன்னடக்கார அக்காவும் நினைவுக்கு வந்தார். அவர் பாப்பாவிடம் எந்த மாநிலம் என்று கேட்கவில்லை. 'காலு நோவா?' என்றுதான் கேட்டார். நோவு என்ற வார்த்தை இரண்டு பாஷைக்கும் பொது.

அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்ப் பாட்டில்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் மசாஜ் தொழிலாளர்கள். ஒகேனக்கல் வந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் போவது, திருப்பதி போய் லட்டு வாங்காமல் வருவது போல. ஒருவர் என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

''என்ன ஸார், பைக்ல வந்த காலா? உக்காருங்க.''

உட்கார்ந்தேன். தலையில் தபேலா, தோளில் மிருதங்கம், காலில் சப்பாத்தி மாவு. எல்லா வாத்தியமும் முடிந்ததும், உடம்பில் எலும்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ''போய் அருவியில நில்லுங்க ஸார்'' என்றார். நின்றேன். அரை மணி கழித்து வந்தபோது, கால் என்னுடையது மாதிரியே இல்லை. யாரோ பதினெட்டு வயதுப் பையனுடையதை மாட்டிவிட்டது போல இருந்தது.

''உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும். என்ன எண்ணெய் இது?'' என்று கேட்டபடி பணத்தை நீட்டினேன்.

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், அருவிப் பக்கம் கை காட்டினார்.

''எண்ணெய் என்ன ஸார் எண்ணெய்... கடையில வாங்கினதுதான். நான் தேய்ச்சு மட்டும் விடுவேன். வலியை எடுக்கறது அந்தத் தண்ணி!''